வன சாஸ்திரமும் ராஜாங்கமும்

மேட்டூரில் இன்று எத்தனை அடி ஜலம் என்று கேட்டால், திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கூடத் தயங்காமல் பதில் சொல்லுவார். அந்த எண்ணைப் பத்திரிகைகள் தினந்தோறும் பிரசுரித்து வருகின்றன, நாமும் பிரசுரிக்கிறோம். ஆடிப் பதினெட்டாம் நாள் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவேரிக்குக் காதோலையும் கருகமணியும் சமர்ப்பிக்க வரும் ஸ்திரீகளும் அதை அறிந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆனால் காவேரி ஜலத்தைப் பற்றி வேறோர் எண் இருக்கிறது. அதை இந்த ஜில்லாவில் கேள்விப்பட்டவர்கள் சொற்பம். அந்த எண் 16. அது எங்கிருந்து வந்தது, வந்தபின் யார் காதில் விழுந்தது, யார் காதில் விழவில்லை என்பதை நேயர்களுக்கு விவரிப்பதே இன்று நம் நோக்கம்.

நீலகிரியில் பைக்காராவுக்கு அருகே கிளன்மார்கன் என்று ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஓடைகள் மோயாற்றைச் சேருகின்றன. மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. கீழ்பவானிக் கால்வாய்ப் பாசனம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது, பவானி கூடுதுறையில் காவேரியாகி விடுகிறது. கூடுதுறை, மேட்டூருக்குக் கீழே உள்ளது என்பதை நேயர்கள் மனத்தில் வைக்க வேண்டும். அதாவது, மேட்டூர் அணையின் கணக்கில் சேராமலே முக்கொம்புக்கு வருகிற ஜலம் அது.

இந்தக் கிளன்மார்கனில், மத்திய சர்க்காரின் மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் உதகமண்டலக் கிளையார் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 80 ஏக்கர் உள்ள இரண்டு பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் இயற்கையான புல்வெளியும், மடிப்புகளில் சோலையுமாக இருந்தவை. 1968 முதல் 1971 வரையில் இரண்டிலிருந்தும் வடியும் ஓடை ஜலத்தை அளந்து, இரண்டும் எப்படி ஒத்து நடக்கின்றன என்று கண்டுகொண்டார்கள். பிறகு 1972-இல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றொன்றில் நூற்றுக்கு 59 பங்கு நிலத்தில், மலை ஜனங்கள் கற்பூர மரம் என்று சொல்லுகிற யூகலிப்டஸை நட்டார்கள். பத்து வருஷம் அளந்தார்கள். மரம் நட்ட பள்ளத்தாக்கிலிருந்து வெளிவந்த ஜலம் வருஷ சராசரியில் நூற்றுக்கு 16 பங்கு குறைந்துபோயிருந்தது. மரத்தை வெட்டியபின் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் தவணையில் அந்தக் குறைவு 25 பங்குக்கும் மேலாயிற்று. மழையில்லாத மாதங்களில் ஓடையில் கசிந்து வருகிற சிற்றோட்டம் இதைவிட அதிகமாக அடிபட்டது.

காரணம் எளியது. புல், மேல் மண்ணில் உள்ளதை மட்டும் குடிக்கிறது. வறட்சியிலும் பனியிலும் காய்ந்து ஓய்ந்து நிற்கிறது. புல்லின் கீழுள்ள கறுத்த மண் மழையை வாங்கிக்கொண்டு, மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கற்பூர மரமோ ஆழத்தில் வேரை இறக்கி, வருஷம் முழுவதும் ஓயாமல் உறிஞ்சி ஆவியாக்குகிறது. மரம் அதிகமானால் ஜலம் அதிகமாகும் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பாடம், அந்தப் பள்ளத்தாக்கில் தலைகீழாயிற்று.

இதை வைத்துக்கொண்டு மரமே ஆகாது என்று சொல்லப் புறப்படுகிறவர்கள் அந்த விஞ்ஞானிகளுக்கு அநியாயம் செய்கிறவர்கள். சோலையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் என்ன வந்தாலும் நஷ்டந்தான். வேரற்ற சரிவில் மண் நில்லாது. பாழான சமவெளி நிலத்தில் தக்க மரம் வைத்தால் மழை ஜலம் பூமிக்குள் இறங்கும். சோதனை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: உயர்ந்த மலையில் புல்வெளியை அகற்றி இந்த மரத்தை வைத்தால் ஓடை மெலியும், இவ்வளவு மெலியும். இடமும் மரமும் குறித்துச் சொல்லப்பட்ட வாக்குமூலம் அது. எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட சாட்சி கிடைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யாமல் உட்கார்ந்துவிடுவார்.

இந்தச் சாட்சி எங்கே பதிவாயிற்று? ஹாலந்து தேசத்தில் அச்சாகிற நீரியல் சஞ்சிகை ஒன்றில், முதல் பகுதி 1988-லும், இரண்டாம் பகுதி 1998-லும், இங்கிலீஷில் வெளிவந்தது. விஞ்ஞானிகளைக் குறை சொல்ல வேண்டாம். அவர்களுடைய உத்தியோக உயர்வு அந்தச் சஞ்சிகைகளைப் பொறுத்தது. ஆனால் சோதனைக்குப் பணம் கொடுத்தவன் இந்தியாவின் வரி கொடுக்கும் குடியானவன். ஜலம் குறைந்ததனால் நஷ்டப்படுகிறவன் லால்குடியிலும் முசிறியிலும் உள்ள மிராசுதாரும் குத்தகைதாரனும். அவர்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரமாவது தமிழில் வந்ததை நாம் கண்டதில்லை. அதைக் கேட்டு வாங்கி அச்சிட்டிருக்க வேண்டிய பத்திரிகைக்காரர்களும் அச்சிடவில்லை. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

நீலகிரிக்குக் கற்பூர மரம் வந்தது 1843-ஆம் வருஷ வாக்கில். உதகமண்டலத்து வெள்ளைக்காரர்களின் அடுப்புக்காகச் சோலைகள் அழிந்துகொண்டிருந்தன. சீக்கிரம் வளர்கிற அன்னிய மரத்தை விறகுக்கு வைத்தால் சோலை தப்பும் என்று நினைத்தார்கள். நினைப்பில் தவறில்லை. சுதந்திரத்துக்குப் பின் நம்மவர்களே ஐந்தாண்டுத் திட்டங்களின் வேகத்தில் ரேயான் நூலுக்கு மரக்கூழும், தோல் பதனிடச் சீகைப் பட்டையும் வேண்டுமென்று, மலைப் புல்வெளிகளைக் கணக்கில்லாமல் தோட்டமாக்கினார்கள். அந்த நிலத்தை அவர்கள் வெறும் நிலம் என்றே எண்ணினார்கள். தீர்வை தராததெல்லாம் தரிசு என்று கும்பினியார் ரெவினியூ கணக்கில் எழுதி வைத்த புத்தி அது. கும்பினி போயும் அந்தப் புத்தி போகவில்லை. 1988-இல் தேசிய வனக் கொள்கை திருத்தி எழுதப்பட்டு, காட்டின் முதல் வேலை சீதோஷ்ணத்தையும் மண்ணையும் ஜலத்தையும் காப்பது, வருமானம் அதற்குப் பிற்பட்டது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகுதான் நடும் வேகம் அடங்கிற்று. அதற்குள் சீகை மரம் மனிதன் உதவியில்லாமலே விதை சிதறிப் பரவக் கற்றுக்கொண்டுவிட்டது.

பழனி மலையின் கதியும் இதுவே. 1973-க்கும் 2014-க்கும் இடையில் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு, 2018-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அந்த நாற்பது வருஷத்தில் பழனி மலையின் மேட்டுப் புல்வெளியில் நூற்றுக்கு 66 பங்கும், சோலையில் 31 பங்கும் மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் சீகையும் பைனும் கற்பூர மரமும் பயிர் நிலமும் பிடித்துக்கொண்டன.

இவ்விஷயத்தில் திருச்சிராப்பள்ளிக்கு ஒரு விசேஷ சம்பந்தம் உண்டு. நம் ஊர் செயிண்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்ந்த தாவரங்களின் பண்டாரம் இருக்கிறது. அக்கல்லூரியில் தாவர சாஸ்திரம் போதித்த பிரெஞ்சுப் பாதிரியார் ராபினாட்டின் பெயரால் 1967-இல் அதை ஏற்படுத்தியவர் கே. எம். மாத்யூ பாதிரியார். கொடைக்கானலில் புகுந்த அன்னியச் செடிகளை ஒவ்வொன்றாக எழுதி 1969-லேயே அவர் ஒரு நூல் வெளியிட்டார். பிறகு தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றி 1981 முதல் பெரும் தொகுதிகளும், 1999-இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி மூன்று தொகுதிகளும் வந்தன. 2004-இல் அவர் காலமானார். எந்தச் செடி எந்தக் குன்றில், எந்த மாதத்தில், எந்த வருஷம் இருந்தது என்று தேதியிட்ட காகிதத்தில் ஒட்டி வைத்த சாட்சியம் நம் ஊரில் இருக்கிறது. ஒரு சரிவில் என்ன நடலாம் என்று தீர்மானிக்கிற உத்தியோகஸ்தர், அங்கே முன்பு என்ன இருந்தது என்று அறிய இதைவிட வேறென்ன வேண்டும்?

சாஸ்திரம் சொல்லி ராஜாங்கம் கேட்ட காலமும் உண்டு. அதையும் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் கேட்டால் மட்டும் போதாது என்பது அந்தச் சரித்திரத்தால்தான் விளங்கும். 1850-இல் எடின்பரோ நகரத்தில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சபை, உஷ்ண தேசத்துக் காடுகள் அழிவதால் என்ன விளையும் என்று ஆராய ஒரு கமிட்டி நியமித்தது. மறு வருஷம் ரிப்போர்ட் தயாராயிற்று. அதை எழுதுவதில் முக்கியமானவர் கும்பினியின் வைத்தியர் கிளெக்ஹார்ன். அவருக்கு முன்பே, எட்வர்டு பால்பர் என்ற மற்றொரு வைத்தியர், மரங்களுக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிச் சென்னைச் சஞ்சிகையில் எழுதியிருந்தார். 1856-இல் சென்னை ராஜதானிக்கு முதல் வனப் பாதுகாவலராக கிளெக்ஹார்னையே நியமித்தார்கள். விஞ்ஞானி சொன்னது வீண் போகவில்லை என்று தோன்றும். ஆனால் ராஜாங்கம் அதில் எதைக் கேட்டது? காட்டைக் காக்க வேண்டும் என்றதைக் கேட்டது. காரணம், கப்பலுக்குத் தேக்கும், ரயில் பாதைக்குக் கட்டையும் அதற்கு வேண்டியிருந்தன. மலை ஜனங்களின் காட்டெரிப்புச் சாகுபடி 1860-இல் தடுக்கப்பட்டது. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்ததும், தலைமுறை தலைமுறையாய்க் காட்டில் ஆடு மேய்த்தவனும் தழை ஒடித்தவனும் குற்றவாளியானான்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ராஜதானியில் எந்தக் கிராமத்தின் எல்லைக்கும் உட்படாத காடு என்பது அரிது, அவற்றில் ஜனங்களுக்கு உரிமை உண்டு என்று 1871-இல் வாதாடியவர்கள் காங்கிரஸ்காரர்கள் அல்லர். அப்போது காங்கிரஸே பிறக்கவில்லை. சென்னை ரெவினியூ போர்டு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களே அப்படி எழுதினார்கள். நாட்டைச் சுற்றிப் பார்த்த கலெக்டர்களின் அறிவு ஒரு பக்கம், வன இலாகாவின் சாஸ்திரம் மறுபக்கம் என்று பத்து வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. கடைசியில் சாஸ்திரம் ஜயித்தது. அல்லது, சாஸ்திரத்தின் பெயரால் கஜானா ஜயித்தது. ஜனங்களுடைய உரிமையை ஒருவாறு ஏற்றுக்கொண்ட வன உரிமைச் சட்டம் வர 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் வக்கீல் தொழிலில் புதிதாய் இருந்த சமயம், பச்சைமலையிலிருந்து ஒரு மலையாளிக் கிழவர் ஒரு வனக் குற்ற வழக்கில் நம்மிடம் வந்தார். புல் அறுத்தார் என்பது குற்றச்சாட்டு. தஸ்தாவேஜுகளோடு தாக்கலான வரைபடத்தில், அவர் புல் அறுத்த சரிவு வெற்று நிலம் என்று குறிக்கப்பட்டிருந்தது. நாம் படத்தை விளக்கிச் சொன்னதும் கிழவர் சிரித்துவிட்டார். "வக்கீலய்யா, வெறும் நிலம்னா நான் எதை அறுத்தேன்?" என்று கேட்டார். அந்தச் சரிவின் அடியில் உள்ள ஊற்று எந்த மாதம் வரையில் வரும், மேலே மரம் வைத்த பக்கத்து ஊற்று எந்த மாதத்தில் நின்றுபோகிறது என்றும் சொன்னார். கிளன்மார்கன் சோதனையைப் பற்றி அப்போது நமக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து அதைப் படித்தபோது அந்தக் கிழவர் முகந்தான் நினைவுக்கு வந்தது. வழக்கில் அபராதம் கட்டித்தான் வந்தோம்.

நம் காலத்துக்கு வருவோம். மேற்குத் தொடர் மலையை ஆராய மத்திய சர்க்கார் 2010-இல் பேராசிரியர் மாதவ் காட்கில் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. 2011 ஆகஸ்டில் குழு ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டது. கேட்டு வாங்கின ரிப்போர்ட்டைச் சர்க்கார் பூட்டி வைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டு, மத்தியத் தகவல் கமிஷன் உத்தரவிட்டு, டில்லி ஹைகோர்ட்டு வரையில் போய்த் தோற்ற பிறகுதான் 2012 மே மாதத்தில் அது வெளியாயிற்று. அந்த ரிப்போர்ட்டில் உள்ள முக்கியமான யோசனை, எதைக் காப்பது, எதை அனுமதிப்பது என்பதைக் கிராம சபைகளோடு கலந்து தீர்மானிக்க வேண்டும் என்பது. ஜனங்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று சொன்ன ரிப்போர்ட்டையே ஜனங்கள் பார்க்காதபடி மறைத்தார்கள். விளைவு என்ன? ரிப்போர்ட்டைப் படியாமலே, தங்கள் வீடும் தோட்டமும் போய்விடும் என்று மலையோரத்துக் குடியானவர்கள் கிளம்பினார்கள். அவர்கள் மேல் நாம் குற்றம் காணவில்லை. பூட்டிய பெட்டிக்குள் பாம்பு இருக்கிறதென்று எவன் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். பிறகு கஸ்தூரிரங்கன் குழு ஏற்பட்டு 2013-இல் வேறொரு ரிப்போர்ட் வந்தது. அதை ஒட்டி 2014-இல் முதல் நகல் அறிவிப்பும், 2024 ஜூலை 31-இல் ஆறாவது நகல் அறிவிப்பும் வெளியிட்டார்கள். ஆறாவது நகல் வருவதற்கு முந்தின நாள்தான் வயநாட்டில் மலை சரிந்து கிராமங்கள் புதைந்தன.

மலையில் நடப்பது திருச்சிக்குத் தூரம் என்று எண்ணுகிறவர்களுக்கு 2018 ஆகஸ்டை ஞாபகப்படுத்துகிறோம். அந்த மாதத்தில் குடகு நாட்டில் பெய்த பேய்மழையில் மலைச் சரிவுகள் இடிந்து விழுந்தன. காவேரியில் வெள்ளம் இறங்கி வந்தது. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில், 1836-இல் ஆர்தர் காட்டன் அமைத்த மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. குடகில் காடு குறைந்ததுதான் மதகு உடைந்ததற்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வளவு மழைக்குக் காடும் ஓரளவுதான் ஈடு கொடுக்கும், அணைக்கோ வயதாகிவிட்டது. 387 கோடி ரூபாயில் புதிய அணை கட்டியாயிற்று. அதுவும் அவசியமே. ஆனால் அந்த ஜலம் வந்த வழியை ஆராய இதில் ஒரு சிறு பங்காவது செலவிட மந்திரிகளுக்கு மனம் வருமானால், அடுத்த அணையின் ஆயுள் சற்று நீளும்.

இப்போது விஷயம் அவசரமாகியிருப்பதற்குக் காரணம் வேறு. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் பசுமை இயக்கம் என்று ஒன்றை ஆரம்பித்தது. மாகாணத்தில் அப்போது நூற்றுக்கு 23.7 பங்காக இருந்த காட்டையும் மரப் பரப்பையும் பத்து வருஷத்தில் 33 பங்காக ஆக்குவது நோக்கம். அதே வருஷம் மார்ச்சில் மத்திய சர்க்கார், காவேரி உட்பட 13 நதிகளைக் காடு வளர்த்துப் புதுப்பிப்பதற்கென்று 19,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்ட ரிப்போர்ட்டுகளை வெளியிட்டது. மரம் நடுவதை எதிர்க்க எவருக்கும் நா எழாது, நமக்கும் எழவில்லை. ஆனால் காடு என்றால் என்ன என்ற கேள்விக்கு டேராடூன் வனக் கணக்கு இலாகாவார் வைத்திருக்கும் விடையைப் பாருங்கள். ஒரு ஹெக்டேரும், அதாவது இரண்டரை ஏக்கரும், அதற்கு மேலும் உள்ள நிலத்தில் மரக் கிளைகளின் நிழல் நூற்றுக்குப் பத்துப் பங்கு விழுந்தால் அது காடு. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வியில்லை. இந்தக் கணக்கின்படிதான் 2023-ஆம் வருஷ ரிப்போர்ட்டில் இந்தியாவின் காடு நூற்றுக்கு 21.76 என்றும், வெளியே உள்ள மரங்களையும் சேர்த்தால் 25.17 என்றும் கண்டிருக்கிறது.

ஒரு சட்டத்தில் வியாக்கியானப் பிரிவை எழுதினவனே பாதி வழக்கை ஜயித்தவன் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். மேலே சொன்ன வியாக்கியானப்படி, கிளன்மார்கனில் ஜலத்தைக் குறைத்த கற்பூரத் தோட்டம் காடு. ஜலத்தைக் கொடுத்த புல்வெளி பூஜ்யம். பூஜ்யத்தைக் காடாக்கினால் 33-க்கு ஒரு படி நெருங்கியதாகும்! எந்த உத்தியோகஸ்தரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்ய வேண்டியதில்லை. கணக்கு அவரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். மலைப் புல்வெளிக்கு மட்டுமல்ல இந்த அபாயம். புதுக்கோட்டைப் பக்கத்து முட்புதர்க் காடும், பெரம்பலூர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலமும், அங்கே வாழ்கிற மானும் கௌதாரியும் இதே கணக்கில் பூஜ்யத்துக்கு அருகில்தான் நிற்கின்றன.

முன்னே வெட்டி, பின்னே விசாரிக்கிற வழக்கமும் நமக்கு உண்டு. சீமைக் கருவேலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்ததும், பிறகு விறகுக்கென்று பரப்பியதும் சர்க்கார்தான். 2017-இல் மதுரை ஹைகோர்ட்டுக் கிளை, தென் ஜில்லாக்களில் அதை வேரோடு களைய உத்தரவிட்டு, மேற்பார்வைக்கு வக்கீல்களைக் கமிஷனர்களாக அனுப்பிற்று. கறுப்பு அங்கி போட்ட நம் சகோதரர்கள் வெயிலில் கருவேலங்காட்டை எண்ணிக்கொண்டு நடந்தார்கள். சில மாதங்களில் சென்னையில் பிரதான பெஞ்சு அதற்குத் தடை விதித்து, நிபுணர்களின் ஆராய்ச்சி வேண்டும் என்றது. அந்த மரம் நிலத்துக்குக் கேடு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எங்கே முதலில் அகற்றுவது, அகற்றிய இடத்தில் எதை வைப்பது, கரி சுட்டுப் பிழைக்கும் ஏழை என்ன செய்வான் என்ற மூன்று கேள்விகளும் அரிவாளுக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை.

2022-இல் வெளிவந்த அன்னியத் தாவரக் கொள்கை இந்த விஷயத்தில் ஒரு நல்ல அடி. உண்ணிச்செடி, மஞ்சள் கொன்றை, சீகை முதலியவற்றை அகற்றி, அந்த இடத்துக்கு உரிய தாவரங்களை மீட்பது அதன் நோக்கம். வன இலாகாவே ஒரு காலத்தில் அழகுக்கும் நிழலுக்கும் வைத்த மஞ்சள் கொன்றையை முதுமலையில் வெட்டிக் காகிதக் கூழுக்குக் கொடுத்து வருகிறார்கள். காகிதபுரத்திலும் நம் ஜில்லா மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியிலும் ஆலை வைத்திருக்கும் சர்க்கார் காகித ஸ்தாபனம் அதை வாங்குகிறது. காகிதத்தில் பிழைக்கும் நாம் இதில் சந்தோஷப்படுவதற்குக் கேட்க வேண்டுமா? ஆனால் வியாபாரம் ருசி கண்டால், பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் தானாக முளைத்து வரும் சோலைக் கன்றுகளும் லாரியின் கீழ் நசுங்கும். எந்தத் தோப்பை வெட்டலாம், எதைச் சோலை விழுங்கும்வரை பொறுத்திருக்கலாம் என்று சொல்லக்கூடியவர்கள் அந்தச் சரிவில் தவழ்ந்து கன்று எண்ணியவர்களே. டெண்டர் எழுதுகிறவருக்கு அது தெரியாது.

கேட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீரங்கத்திலேயே சாட்சி உண்டு. மேலூரில், காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணை ரிசர்வ் காட்டில் 25 ஏக்கரில் வன இலாகாவார் 2015-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் திறந்தார்கள். பூவைக் கண்டால் பூச்சி வரும் என்பது நம் எண்ணம். வந்து தேன் குடித்துப் போய்விடும்; தங்காது. ஒவ்வொரு பூச்சியின் புழுவுக்கும் தனித்தனி இலை வேண்டும். ஒன்றுக்கு எருக்கு, ஒன்றுக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும், ஒன்றுக்கு ஆடுதீண்டாப்பாளை. அதை அறிந்தவர்களைக் கேட்டு அந்தந்தச் செடியை வைத்தார்கள். பூச்சிகள் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு அங்கே போகிற நேயர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். பூச்சிக்காக 25 ஏக்கரில் கேட்ட கேள்வியை, காவேரிக்காக ஒரு மாகாணத்தின் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் ஏன் கேட்கக்கூடாது?

விஞ்ஞானிகளிடமும் நமக்கு ஒரு மனஸ்தாபம் உண்டு. ஒரு மந்திரி "நடலாமா, கூடாதா?" என்று கேட்கிறார். நடவுக்கு நாலு வாரந்தான் இருக்கிறது. "இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது" என்று பதில் சொல்லிவிட்டு இவர்கள் ஆராய்ச்சிச் சாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மந்திரி, தெரியாதவர்களைக் கேட்டு நட்டுவிடுகிறார். இன்று தெரிந்த அளவில் இந்த நிலத்தில் இது தகும், இது தகாது, இது சந்தேகம் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதில் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? கோவையில் வன மரபியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் ஊரில் பாரதிதாசன் சர்வகலாசாலையும் கல்லூரிகளும் இருக்கின்றன. மூன்று வரித் தமிழ் எழுத ஆள் அகப்படாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே நம் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு வனக் கோட்டத்துக்கும் பத்து வருஷத்துக்கொரு முறை தயாராகிற வேலைத் திட்டத்தைத் தமிழில் சுருக்கி, கிராம சபையில் படிக்க வேண்டும். கலெக்டர் தலைமையில் இயங்கும் ஜில்லா பசுமைக் கமிட்டியில் தாவர சாஸ்திரம் அறிந்தவர் ஒருவரையும், நீர்க் கணக்கு அறிந்தவர் ஒருவரையும், பச்சைமலை ஜனங்களில் ஒருவரையும் உட்கார வைத்து, அவர்கள் சொன்னதை, ஏற்காவிட்டாலும் ஏற்காத காரணத்தோடு, நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டும். கிளன்மார்கனைப் போல ஒரு சிறு அளவுக் கருவியைப் பச்சைமலை ஓடை ஒன்றிலும் கொல்லிமலை ஓடை ஒன்றிலும் வைத்து, அந்த எண்ணை மேட்டூர் எண்ணோடு பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டும்.

வடகிழக்குப் பருவ மழைக்கு முன் இந்த ஜில்லாவில் நடவுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் நிலங்களின் ஜாபிதாவை, சர்வே நம்பரும், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்ற விவரமும், வைக்கப்போகும் மரத்தின் பெயருமாகக் கலெக்டர் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஜாபிதா வந்தால் ஒரு வரி விடாமல் இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவோம். துறையூர், மணப்பாறை, முசிறி தாலூகா நேயர்கள் தங்கள் ஊர் நிலம் அதில் கண்டால், அந்த இடத்தில் நேரில் பார்த்ததை நமக்கு எழுதக் கோருகிறோம்.